ஏழு அவனுடைய நம்பர்

பள்ளிக்கூடத்து டீச்சர் என் மகளை வெள்ளிக்கிழமை மறுபடி அழைத்துவரச் சொல்லியிருந்தார். ஒன்றிலிருந்து பத்துவரை பிள்ளை விடாமல் எண்ணினால் இந்த வருடமே இடம். இல்லையென்றால் அடுத்த வருடம் பார்க்கலாமாம். போதாததற்கு, "வீட்டுல ஏதாவது சொல்லிக்கொடுக்கிற பழக்கம் உண்டாம்மா?" என்று என்னிடம் ஒரு கேள்வி வேறு. எனக்கு வந்ததே கோபம். பழக்கம் உண்டாவா? நாள் முழுக்க நான் வேறு என்னத்தைச் செய்கிறேனாம்!

நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறவள். வாண்டுக்கு நாலு வயது. மெஷினுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பொத்தான்களை நிறம் பிரிக்கச் சொல்வேன். துண்டுத் துணிகளில் எது நீளம், எது குட்டை என்று கேட்பேன். துவைத்த சாக்ஸுகளுக்கு ஜோடி தேடித் தருவாள். எண்ணுவதற்குப் பத்துக் குழி முட்டை அட்டை ஒன்று, குழிக்கு ஒரு பொத்தான். கடகடவென்று ஆறுவரை வந்துவிடுவாள். அப்புறம் விரல் ஏழாவது குழிக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். ஒரு மூச்சு நேரம். பிறகு "எட்டு" என்று அடுத்த குழியில் பொத்தானைப் போடுவாள். பத்து முடிந்ததும் பார்த்தால் ஏழாவது குழி மட்டும் காலியாக இருக்கும்.

மறதி என்றுதான் நினைத்தேன். போன வாரம் கடைக்குப் போய்விட்டு மாடிப்படி ஏறும்போது எண்ணிக்கொண்டே வந்தாள். ஆறாவது படியில் நின்றாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். பிறகு ஏழாவதை மிதிக்காமல், என் கையைப் பிடித்துத் தொங்கி ஒரே தாவாகத் தாவி, "எட்டு" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போனது.

அந்தப் படி பெரியவனுடையது.

பெரியவன் என் மூத்த பிள்ளை. வாண்டு பிறப்பதற்கு ஒரு வருடம் முன்னால், ஐந்து வயதில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டான். ஏழாவது படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அங்கே உட்கார்ந்து குறுக்கே காலை நீட்டிக்கொண்டு தெருவை வேடிக்கை பார்ப்பான். யார் ஏறினாலும் படியை எண்ணிக்கொண்டுதான் வரவேண்டும். ஏழு மட்டும் அவன்தான் சொல்லுவான். "ஏழு என் நம்பர். நான் சொன்னாத்தான் வழி." சொல்லிவிட்டுக் காலை மடக்கிக்கொள்வான். தண்ணீர் கேன் போடுகிறவர்கூட ஆறு என்று சொல்லிவிட்டு, தோளில் கேனோடு பேசாமல் நிற்பார். அவன் அப்பா ஒருநாள் அவசரத்தில் தானே ஏழு என்று சொல்லிவிட, மனிதரை மறுபடி முதல் படிக்கு அனுப்பிவிட்டான், படவா.

வாண்டிடம் இதில் ஒரு வார்த்தையும் நாங்கள் சொன்னதில்லை. அவன் படம்கூட பீரோவுக்குள் துணிக்கு அடியில்தான் இருக்கிறது.

பயந்தேன் என்று சொன்னால் பாதி பொய். சந்தோஷப்பட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் பிள்ளை வந்துவிட்டான், இவள் மூலமாக எனக்குச் சைகை காட்டுகிறான் என்று நம்பினேன். பள்ளிக்கூடமாவது ஒன்றாவது! தைக்கவேண்டிய துணி மலையாகக் குவிந்து கிடக்க, அவளைப் படியில் ஏற்றி இறக்கினேன். "இன்னொரு தடவை எண்ணுடா கண்ணு." ஆறு வரும். நான் மூச்சை அடக்கிக் காதைத் தீட்டிக்கொள்வேன். எட்டு வந்துவிடும்.

புதன்கிழமை மதியம் வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்த என் வீட்டுக்காரர், படியில் உட்கார்ந்து அழுகிற பிள்ளையைப் பார்த்தார். கால் வலி.

"உனக்கென்ன பைத்தியமா? பிள்ளைய எத்தனை தடவை ஏத்தி இறக்குவே?"

"அவன் வந்திருக்கான். உங்களுக்குப் புரியாது. ஏழு சொல்லக்கூடாதுன்னு இவளுக்கு யாரு சொன்னது?"

அவர் குனிந்து பிள்ளையின் காலை அமுக்கிவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "யாரும் சொல்லல. நீதான் எண்ணும்போது ஏழுன்னே சொல்றதில்லையே."

"உளறாதீங்க."

"சரி, எண்ணு. எங்க, என் முன்னால எண்ணு பாப்போம்."

வீம்புக்கு எண்ணினேன். ஆறு என்றதும் என் தலை தானாகச் சாய்ந்தது. காது ஏழாவது படிப்பக்கம் போனது. பிறகு என் வாயே "எட்டு" என்றது.

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. ஐந்து வருடமாக இப்படியா! அளவு எடுக்கும்போது முப்பத்தேழு வந்தால் முப்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டு, "கொஞ்சம் லூசாவே இருக்கட்டுமே" என்று வாடிக்கையாளர் வாயை அடைப்பேன். அது என் ராசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தவளும் நான்தானே. ஓட்டையோடுதான் கொடுத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை படியடிக்குக் கூட்டிப்போனேன். முந்தின நாள் வலி போகாததால், ஆறாவதைத் தாண்டியதும் ஏழாவது படியிலேயே, ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டாள். நான் ஆறில் நின்றேன். வாயைத் திறந்தேன். சட்டென்று எட்டி என் வாயைப் பொத்தினாள்.

"நீ சொல்லாதம்மா. அவன் சொல்லணும்."

"யாருடா?"

"நீ காது குடுத்துக் கேப்பியே, அவன்தான்." கையை எடுத்தாள். முகம் சுருங்கியிருந்தது. "எத்தனை நாளா கேக்கறே! அவன் சொல்லவே மாட்டேங்கறான். நான் இருக்கறதாலயாம்மா?"

நாலு வயசுப் பிள்ளை, என் பக்கத்தில் நின்று இத்தனை நாளும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

"இல்லடா தங்கம். நீ இருக்கறதால இல்ல. அவன் உன் அண்ணன். அவனால இனிமே சொல்ல முடியாது. அம்மாதான் சொல்லணும்."

சொல்வது சுலபமாக இல்லை. அவனுடைய நம்பர் அது, அவனைக் கேட்காமல் எடுக்கிறேன். நான் சொல்லிவிட்டால் இந்தப் படியில் காது கொடுத்து நிற்பதற்கு எனக்கு இனி ஒன்றும் இருக்காது.

"ஏழு," என்றேன்.

வாண்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் கால் இரண்டும் படிக்குக் குறுக்கே நீண்டிருந்தன. காலை நீட்டுவதைப் பற்றி நான் அவளிடம் எதுவும் சொன்னதே இல்லை. என் பக்கம் திரும்பாமலே காலை மடக்கிக்கொண்டாள்.

"ம், இப்ப போ," என்றாள்.

எட்டு என்று சொல்லி ஏறினேன்.