பத்து ஆம்பியர்

இரண்டாவது பியூஸும் போய்விட்டது.

முதலாவது எந்த இடத்தில் போனதென்று தெரியாது. தாராபுரத்தில் லோடு ஏற்றிக்கொண்டு குண்டடம் வந்து சேர்வதற்குள், பின்னால் பைக்கில் வந்த ஒருவர் லாரியை முந்தி வந்து, ஒரு கையை ஆட்டி, "ஏனுங்க, உங்களுக்குப் பிரேக் லைட்டே எரியலீங்க!" என்று கத்திவிட்டுப் போனபோதுதான் விஷயமே தெரிந்தது. இரண்டாவது லோகப்பிரியாவின் கண்ணெதிரே போனது. அண்ணன் கிருபாசங்கர் லாரியை ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டினான். டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து, நகத்தளவே இருந்த சிவப்புப் பியூஸ் ஒன்றைச் சொருகிப் பிரேக்கை மிதித்தான். கடுகு வெடித்தால்கூட அதைவிடச் சத்தம் வரும். அவள் பியூஸைப் பிடுங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே வளைந்திருந்த கம்பி நடுவில் அறுந்து, பிளாஸ்டிக்கில் கறுப்பாய் ஒரு புள்ளி விழுந்திருந்தது.

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்ததோ சந்தோஷம். வெளியே சொன்னால் அண்ணன் திட்டுவான். பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்து இரண்டு வருடமாகிறது. தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். விடை தெரிந்த கேள்விகளை மட்டுமே இரண்டு வருடமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தவள் முன்னால், விடை தெரியாத ஒன்று வந்து நின்றது.

லாரி அவள் பெயரில்தான் இருந்தது. ஒன்பது வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டிக் களைத்த கிருபாசங்கர், சொந்தமாய் ஒன்று வாங்க நினைத்தபோது, பெண்கள் பெயரில் என்றால் லோன் சுலபமாகக் கிடைக்கும் என்றார்கள். கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு 'ஓனரம்மா' என்று பெயர். சாப்பிட உட்கார்ந்தால் "ஓனரம்மாவுக்கு இன்னொரு தோசை" என்பான். அதற்கும் அவள் தட்டைப் பார்த்துத்தான் சிரிப்பாள். சத்தமாகப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. செய்முறைத் தேர்வில், வந்திருந்த பேராசிரியர் மூன்று முறை "கொஞ்சம் சத்தமா" என்று கேட்டுவிட்டு, நான்காம் முறை எழுந்து அவள் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

இன்று முதல் லோடு. நாற்பது பேல் பஞ்சு. இறுக்கிக் கட்டிய அந்தப் பொதிகள் சூலூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குப் போக வேண்டும். மில்லில் லாரிகளைப் பார்த்துக்கொள்ளும் சென்னகேசவன் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். நாலு மணிக்குள் மில் கேட்டுக்கு வரவேண்டும், வண்டி ஓனர் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும், எல்லாம் சரியாக இருந்தால் வாரத்துக்கு மூன்று லோடு. அதனால்தான் காலையில் வண்டிக்குப் பூஜை போட்டு, சந்தனம் வைத்து, முன்னும் பின்னும் எலுமிச்சையும் மிளகாயும் கட்டியானதும், அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்றாலைகள் ஒவ்வொன்றாய்க் கடந்துபோவதைப் பார்த்தபடி வந்தவளுக்கு, குண்டடம் வரை உலகமே உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது.

இப்போது மணி ஒன்று ஐம்பது. சிவப்புப் பியூஸ் கைவசம் இனி இல்லை. கிருபாசங்கர் டப்பாவைக் கிளறிப் பச்சையாய் ஒன்றை எடுத்தான்.

"அது முப்பது ஆம்பியருங்ண்ணா" என்றாள்.

"பத்து தாங்கலீன்னா முப்பது. பலமா இருக்கட்டும். முந்தி ஓட்டுன வண்டியில நாங்க சிகரெட் டப்பா சில்வர் பேப்பரச் சுத்திச் சொருவி பெங்களூரே போயிருக்கறோம்."

"பியூஸ் பலமா இருக்கக் கூடாதுங்ண்ணா."

அவன் காதில் விழவில்லை. அவள் சொன்னது அவள் காதிலேயே பாதிதான் விழுந்தது. பச்சை உள்ளே போனது. வண்டி கிளம்பியது. இருநூறு அடி தள்ளி ஒரு பள்ளிக்கூடம், அதற்கு முன்னால் வேகத்தடை. கிருபாசங்கர் பிரேக்கை மிதித்து வண்டியை நிதானமாக நிறுத்தி, முன்சக்கரத்தை ஏற்றப் பார்த்தான்.

வாசனை முதலில் வந்தது. பிளாஸ்டிக் வாளி அடுப்பங்கரையில் உருகுவதுபோல ஒரு வாசனை. பக்கக் கண்ணாடியில் அவள் பார்த்தாள். பின்னால், தார்ப்பாயின் கீழ் ஓரத்தில், நூலளவு புகை.

அவள் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் அடங்கியது. சாவியை உருவிக்கொண்டு கதவைத் திறந்து குதித்துவிட்டாள்.

"ஏய்! என்ன பண்றே?" கிருபாசங்கர் கைபிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி வந்தான். அதற்குள் புகை நின்றிருந்தது. பஞ்சின் மேல் கைவைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. அப்புறம்தான் மூச்சு விட்டாள்.

"சாவியக் குடு கண்ணு. மணி ரெண்டாச்சு."

"மாட்டேனுங்ண்ணா."

"வெளையாடறயா?"

"போகவேண்டியது பியூஸ். அது போகலீன்னா ஒயர் எரியும். ஒயருக்கு மேல என்ன இருக்குதுன்னு தெரியுமல்லோ?"

"அதெல்லாம் எங்களுக்குந் தெரியும். லைட்டு இல்லாமயே மெதுவா ஓட்டீட்டுப் போயிக்கலாம். குடு."

"பின்னால வர்றவங்களுக்கு நாம நிக்கறது எப்புடித் தெரியும்?" என்றாள். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் நாக்கு தானாகவே இன்னொரு வார்த்தையையும் எடுத்துவிட்டது. "ஆர்.சி. புக்குல யாரு பேரு இருக்குதுங்ண்ணா?"

அவனைவிட அவள்தான் அதிகம் திடுக்கிட்டாள். கிருபாசங்கரின் போன் அடித்தது. சென்னகேசவன்.

"குண்டடத்துல நிக்கறமுங்க... சின்ன வேலைங்க... வந்திருவமுங்க." கேட்டுக்கொண்டே அவன் முகம் சுருங்கியது. போனைச் சட்டைப் பையில் போட்டான். "நாலு அடிச்சா மில்லு கேட்டச் சாத்திருவாராம். அதுக்கப்பறம் வேற வண்டியப் பாத்துக்குவாராம். இப்பச் சொல்லு, ஓனரம்மா. என்ன பண்ணலாம்?"

கேலிதான். ஆனால் கேள்வியும்தான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

முதலில் பச்சைப் பியூஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். பச்சைப் பியூஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். பின்னால் போய் இரண்டு பிரேக் பல்புகளையும் கழற்றி வந்தாள். டூல் பெட்டியில் பழைய ஒயர் இருந்தது, இரண்டு முழம் வெட்டினாள். எரிந்துபோன பியூஸின் இரண்டு கால்களிலும் ஒயர் நுனிகளைச் சுற்றி, மறு நுனிகளை ஒரு பல்பில் முறுக்கி, பியூஸை அதன் இடத்திலேயே சொருகினாள். பல்பு ஸ்டீயரிங்கில் தொங்கியது.

"இது என்ன, கோயில் தோரணமா?"

"பின்னால பல்பு ரெண்டையுங் கழட்டியாச்சு. இப்பப் பிரேக் மிதிச்சா கரண்டு போறதுக்கு வழியே கிடையாது. இது எரியக் கூடாது. எரிஞ்சா, எங்கியோ ஒயர் இரும்பத் தொட்டுட்டு நிக்குதுன்னு அர்த்தம். பயப்படாதீங்க, பல்பு நடுவுல இருக்கறதால ஒயர் சூடாகாது. நான் பின்னாலருந்து ஒவ்வொண்ணா அசைச்சுப் பாக்கறேன். எப்ப அணையுதோ, அப்பச் சொல்லுங்க."

இத்தனை வாக்கியங்களை அவள் ஒரேயடியாகப் பேசி அவன் கேட்டதில்லை. சாவியை வாங்கி, இன்ஜினைக் கிளப்பாமல் பாதி மட்டும் திருப்பி, பிரேக்கை மிதித்தான்.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

"எரியுது கண்ணு! நீ சொன்ன மாதிரியே எரியுது!"

அவள் ஏற்கெனவே சேஸிஸுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தாள். ஒயர்கள் ஒரு கறுப்புக் குழாய்க்குள் கட்டாகப் போயின. அந்தக் குழாயைப் பிடித்திருந்த முதல் கிளாம்பை அசைத்தாள். "எரியுதா?"

மறுபடி கேட்டாள்.

"எரியுதாங்ண்ணா?"

"என்னது? ஒண்ணுங் கேக்கல!"

இடையில் நாற்பது பேல் பஞ்சு. அது எந்தச் சத்தத்தையும் விழுங்கிவிடும். அவள் நிமிர்ந்தாள். பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்தாள். யாருமில்லை. மூச்சை இழுத்து, வயிற்றிலிருந்து கத்தினாள்.

"எரியுதாங்ண்ணா!"

"எரியுது!"

சுவரில் இருந்த காகம் பறந்துபோனது. நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது கிளாம்ப். "இப்ப?" "எரியுது!" டீசல் டேங்குக்குப் பின்னால், "இப்ப?" "எரியுது, எரியுது!" ஸ்டெப்னி டயருக்கு மேலே. "இப்பங்ண்ணா!" "அப்புடியேதான் எரியுது! நீ சுடிதாரக் கறையாக்கிக்காத!" ஒவ்வொரு பதிலுக்கும் அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். தூரம் குறைந்துகொண்டே வந்தது. பாக்கி இருக்கும் இடத்தில்தான் அது இருந்தாக வேண்டும். இடதுபக்கப் பின்விளக்கின் இரும்புச் சட்டத்துக்கு வந்தபோது, உருகிய வாசனை மறுபடி மூக்கில் ஏறியது.

சட்டத்தோடு சேர்த்து ஒயர்க் கட்டைச் சுற்றி ஒரு கட்டுக்கம்பி. இறுக்கமாக, மூன்று முறுக்கு. குண்டும் குழியுமான சாலையில் இருபது கிலோமீட்டர் ஆடி ஆடி, குழாயை அறுத்து, ஒயரின் தோலையும் அறுத்துச் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கம்பியின் மறு நுனியில் ஒரு எலுமிச்சம்பழமும் ஏழு மிளகாயும் தொங்கின.

கட்டியது அவள்தான். நூலில் கட்டினால் அறுந்துவிடும் என்று, காலையில் குறடு எடுத்து, தானே முறுக்கியது. படித்தவள் செய்கிற வேலை நேர்த்தியாய் இருக்கட்டும் என்று மூன்றாவது முறுக்கை வேறு போட்டாள்.

குறட்டால் கம்பியை வெட்டினாள்.

"அணைஞ்சிருச்சு!" முன்னாலிருந்து கிருபாசங்கரின் குரல் துள்ளியது. "அணைஞ்சிருச்சு கண்ணு! என்ன பண்ணுனே? அணைஞ்சே போயிருச்சு!"

ஓடி வந்தான். அவள் கம்பியைச் சாக்கடையில் எறிந்திருக்கலாம், நேரம் இருந்தது. எறியவில்லை. உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"நாந்தானுங்ண்ணா கட்டுனேன்."

அவன் எலுமிச்சையைப் பார்த்தான். கம்பியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு தார்ப்பாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கியவன் வெகுநேரம் நிறுத்தவில்லை.

"அட சாமி! ஊருக் கண்ணு படக்கூடாதுன்னு ஓனரம்மா போட்ட முறுக்கப் பாரு! கோபுரங் கட்டற மேஸ்திரி தோத்தான் போ!"

"சிரிக்காதீங்ண்ணா."

"சரி சரி. நானுந்தான் பச்சையச் சொருவிப்போட்டேன். சோடிக்குச் சோடி சரி."

உருகியிருந்த ஒயரை ஒரு சாண் வெட்டி எறிந்து, டூல் பெட்டி ஒயரில் ஒரு துண்டை இணைத்து, டேப் சுற்றி, இரும்பில் படாதபடி சணல் கயிற்றால் கட்டினாள். மீதி நீளம் முழுவதையும் கையால் தடவிப் பார்த்தாள். எங்கும் இளகியிருக்கவில்லை. "ஊட்டுக்குப் போனதும் இந்த ஒயர முழுசா மாத்திப்போடோணும்" என்றாள். சரியென்று தலையாட்டினான். பிறகுதான் இருவருக்கும் ஒன்று உறைத்தது. பியூஸ் இல்லை.

அவள் பியூஸ் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த படத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"வேண்டாம்" என்றான் அவன் உடனே.

"பத்து ஆம்பியருங்ண்ணா. சிவப்பு."

"அது என்ற பாட்டுப் பெட்டிக்கு!"

பாட்டுப் பெட்டியின் பியூஸைப் பிடுங்கிப் பிரேக் விளக்குக்குப் போட்டாள். பல்புகளைத் திரும்ப மாட்டிவிட்டு, சாலையில் பின்னால் தள்ளி நின்று, "மிதிங்ண்ணா!" என்று கத்தினாள். இரண்டு சிவப்பும் ஒன்றாக விழித்தன. விட்டான், அணைந்தன. மிதித்தான், எரிந்தன. வேலை முடிந்த பிறகும் இன்னும் இரண்டு முறை மிதிக்கச் சொல்லிப் பார்த்தாள்.

கிளம்பும்போது மணி இரண்டு ஐம்பது.

பல்லடம் வரை கிருபாசங்கர் தானே பாடிக்கொண்டு வந்தான். ராகம் எங்கேயோ, அவன் எங்கேயோ. பல்லடத்து நெரிசலில் பாட்டு நின்றது. ஒவ்வொரு முறை அவன் பிரேக்கில் கால் வைக்கும்போதும் அவள் கண் பக்கக் கண்ணாடிக்குப் போனது. புகை இல்லை. பின்னால் வந்த கார்கள் தூரத்திலேயே வேகம் குறைத்தன. மூன்று நாற்பது. மூன்று ஐம்பத்தைந்து. "வேகமா மிதிக்கட்டுமா?" என்று கேட்டான். வேண்டாமென்றாள். அதைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

மில் கேட்டுக்கு வந்தபோது நாலு பதினொன்று. கேட்டின் ஒரு பாதி சாத்தியாகிவிட்டது. காவலாளி மறு பாதிக்குச் சங்கிலியைக் கையில் எடுத்திருந்தார். கேட்டுக்கு மேலே போட்டிருந்த தகரக் கூரையின் நிழலிலிருந்து, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், கையில் அட்டையோடு வந்தார். சென்னகேசவன்.

"நாலுன்னு சொன்னேனுங்களே."

"டயரு பஞ்சருங்க" என்று தொடங்கினான் கிருபாசங்கர்.

"இல்லீங்க" என்றாள் லோகப்பிரியா.

இறங்கி அவர் முன்னால் வந்து நின்றாள். சுடிதாரெல்லாம் கறை. "பஞ்சர் இல்லீங்க. பின்லைட் ஒயரு மேல கட்டுக்கம்பி கட்டுனது நானு. அது அறுத்துப் பியூஸ் போச்சு. பத்துக்குப் பதிலா முப்பது போட்டோம், புகைஞ்சுது. பஞ்சு லோடுங்க. எடம் எதுன்னு கண்டுபுடிக்காம வரக்கூடாதுன்னு வண்டிய நிறுத்திப்போட்டேன். அதுக்குத்தான் நேரமாச்சு. இப்ப எல்லாஞ் சரியா இருக்குதுங்க."

காவலாளியும் கேட்டார். உள்ளே பேல் இறக்க நின்றிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கிருபாசங்கர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டான்.

சென்னகேசவன் அவளை ஒருமுறை பார்த்தார். அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியின் பக்கவாட்டில் நடந்தார். தார்ப்பாயை ஓரிடத்தில் தூக்கிப் பஞ்சை மோந்து பார்த்தார். வண்டியின் முதுகுப்பக்கம் போய், சாலையில் நின்றார். அவளும் பின்னாலேயே போனாள்.

"பிரேக் மிதிக்கச் சொல்லு அம்மணி" என்றார்.

அவள் வாயருகே இரண்டு கையையும் குவித்தாள்.

"மிதிங்ண்ணா!"

கொஞ்சம் மேகம் போட்டிருந்த சாயங்காலம். வெள்ளைச் சட்டையின் இரண்டு பக்கமும் மெல்லச் சிவந்தது. அவர் நகரவில்லை, குனிந்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்டுக்கு அந்தப்பக்கம், காவலாளி அவரையே பார்த்தபடி சங்கிலியைப் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.