நாலாவதாக நிற்க ஓர் ஆள்

அஞ்சுகத்தின் கைபேசி இட்லி மாவில் விழுந்து செத்த மறுநாள் காலை, அவள் கணவனை எடுத்துப்போக, இறந்தவர் கணக்குப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. பரஞ்சோதி இறந்து நாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் முறைப்படி எடுத்தாக வேண்டுமாம்.

வந்தவர் பெயர் குணாளன். செருப்பை வாசலில் விட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"அவர் படம் ஏதாச்சும் இருக்காம்மா?"

"எல்லாம் போன்லதான் இருந்துச்சு."

"வேற எங்கயும் ஏத்தி வைக்கலையா?"

பக்கத்தில் நின்ற மகள் கயல் எத்தனையோ முறை தலைபாடாய் அடித்துக்கொண்டாள். வீட்டுச் சமாசாரத்தை ஊரான் கம்ப்யூட்டரில் எதற்குப் போட வேண்டும் என்று அஞ்சுகம்தான் வீம்பு பிடித்தாள்.

"படம் இல்லேன்னா ஆளும் இல்லேம்மா."

குணாளன் பரஞ்சோதி சட்டை மாட்டும் ஆணியைப் பிடுங்கிப் பையில் போட்டார். சுவரில் ஓட்டைகூட இல்லை. அடுத்து அஞ்சுகத்தின் ஞாபகத்துக்குள் கையை விட்டு மீசையை எடுத்தார். அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். முகம் மீசையில்லாமல் வந்தது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பையைக் கீழ வைங்க. மூணு பேரா நின்னு படம் எடுக்கக் கூடாதுன்னு, ஒவ்வொரு தடவையும் வழியில போறவங்களக் கூப்பிட்டு நாலாவதா நிக்க வெச்சிருக்கோம். அவங்களக் கேளுங்க."

ஜன்னலைத் திறந்து, "எங்ககூட நின்னவங்கல்லாம் வாங்க" என்றாள். வந்தார்கள். மெரினா சுண்டல்காரர், பழனி விஞ்ச்சில் டிக்கெட் கிழித்தவர், ஏதோ கல்யாணத்தில் எந்த வீட்டு ஆள் என்றே தெரியாமல் நின்ற ஒருவர். வரிசை பேருந்து நிலையம்வரை போனது.

"மீசை இடது பக்கம் தூக்கலா இருக்கும்" என்றார் சுண்டல்காரர். மீசை பையைவிட்டு வெளியே வந்தது.

"படம் எடுத்ததும், அஞ்சுகம் நல்லா விழுந்திருக்காளான்னுதான் மொதல்ல கேப்பாரு" என்றார் டிக்கெட் கிழித்தவர்.

அது எந்தப் படத்திலும் இல்லாதது. அஞ்சுகம் அழுதாள்.

"சாட்சியெல்லாம் செல்லாதும்மா. படம்தான் வேணும்" என்றார் குணாளன்.

"அப்ப எடுப்போம்."

கயலின் போனைச் சுண்டல்காரரிடம் கொடுத்தாள். மகளைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டாள்.

குணாளன் பதறிவிட்டார். "மூணு பேரா நிக்காதீங்கம்மா."

"எண்ணிட்டீங்கல்ல? நாலாவதா நீங்க வந்து நில்லுங்க."

வேறு வழியில்லாமல் அவர் வந்து ஓரத்தில் விறைப்பாக நின்றார். சுண்டல்காரர் எடுத்தார்.

"கயலு, இத நாலு எடத்துல ஏத்தி வை" என்று குணாளனைக் காட்டினாள் அஞ்சுகம். "மொதல்ல இவரு போன்ல."