மூன்றாவது தூண்

சாலமன் தீவுகளிலிருந்து வந்த தக்கென்ரெரெய் எங்கள் ஊர்க் கூட்டம் கூடும் கொட்டகையான மனேபாவுக்குள் குனிந்து நுழைந்து, நேரே மேற்கு ஓரம் போய் விருந்தாளிகளின் பாயில் உட்கார்ந்தாள். என் தம்பி தெய்திராக்கே என்னை இடித்தான்.

"பாத்தியாக்கா, அவளே சொல்லிட்டா, விருந்தாளின்னு."

அவள் எங்கள் பெரியப்பா மகள். வெள்ளைக்காரன் காலத்தில் தீவில் ஆள் அதிகம், நிலம் போதாது என்று கப்பலில் ஏற்றி அனுப்பிய குடும்பங்களில் பெரியப்பாவுடையதும் ஒன்று. அவர் அங்கே இறந்த பிறகு, குடும்ப நிலத்தில் ஒரு குடிசை போட்டுக்கொள்ள இடம் கேட்டு வந்திருந்தாள். அந்த நிலத்தையும் கிழங்குக் குழியையும் இத்தனை காலம் ஆண்டவர்கள் நாங்கள். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய்.

வெளியே மழை. எங்கள் ஊரில் நிலம் யாருக்கு என்று தீர்க்கப் பத்திரம் யாரும் பார்ப்பதில்லை. மனேபாவில் எங்கே உட்காருகிறாயோ, அதுதான் நீ. பெரியவர் கையேயா ஒன்றும் கேட்காமல் விருந்தாளிக்கு முதல் தட்டு கொடுக்கச் சொன்னார். மீனும் பாபாய்க் கிழங்கும் அவள் முன் வந்தன. அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு முதல்ல வேண்டாம் தாத்தா. நான் விருந்தாளி இல்ல."

"அப்புறம் ஏம்மா அங்க போய் உக்காந்த?"

"என் இடத்துல ஆள் இருக்கு. என்னவிட மூத்தவங்கள நான் எழுப்புனா எங்கப்பாவுக்குத்தான் அசிங்கம்."

"எது உன் இடம்?"

"கிழக்கால மூணாவது தூண். முன்னாடி எங்கப்பா, பின்னாடி சித்தப்பா. அங்க தகரக் கொட்டாயிலயும் எங்கள அப்படித்தான் உக்கார வச்சாரு."

அவள் சொன்ன சித்தப்பா எங்கள் அப்பா; மூன்றாவது தூணில் சாய்ந்திருந்தவன் என் தம்பிதான். ஊரே திரும்பிப் பார்த்தது. அவன் பாயின் ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், எந்திரி," என்றேன்.

"நிலம் போயிருமேக்கா."

"எந்திரிடா."

பின்னால் நகர்ந்து உட்கார்ந்தோம். பாய் சொதசொதவென்று நனைந்திருந்தது, கூரையிலிருந்து என் கழுத்தில் சொட்டியது. மனேபாவில் அவரவர் இடத்துக்கு மேலுள்ள கூரையை அவரவர் குடும்பம்தான் வேய வேண்டும். முன்னால், பெரியப்பா இடத்தில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் பின்னால் இருந்த எங்கள் கூரையை நாங்கள் வேயவே இல்லை.