பதினேழாம் எண் பில்லை

பலகை பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான்தான்.

என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. கீழே இறங்கும்போது ஒரு பித்தளைப் பில்லையை எடுத்துக்கொண்டு போவார், மேலே ஏறியதும் பலகையில் மாட்டுவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள்.

பொம்மனஹள்ளி மாட்டாஸ்பத்திரிக்கு டாக்டராக வந்த பிறகு, ஏரியை ஒட்டிய தாழ்வில் இருந்த இருபத்து மூன்று மாடுகளுக்கும் அதே ஏற்பாட்டைச் செய்தேன். ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் நான் முன்பே கட்டிவிட்ட, எண் போட்ட தகரப் பில்லை இருந்தது. வெள்ளம் வந்தால் மாட்டை மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிவந்து, பில்லையைக் கழற்றி வராந்தாப் பலகையில் மாட்ட வேண்டும். காலி ஆணிக்குப் படகு போகும். ஏப்ரல் வெயிலில் ஒத்திகை நடத்தியபோது எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள், போட்டால் சிரிப்பார்கள்.

அந்தப் பில்லைக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. மாடு படுத்துவிட்டால், ஆஸ்பத்திரிக்கு நடத்திவர முடியாவிட்டால், பில்லையை மட்டும் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போகலாம். நான் தேடி வந்துவிடுவேன். மூன்று வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. இந்த இரண்டு வழக்கமும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

அக்டோபரில் ஒருநாள் விடியும்போதே ஏரி உடைந்தது. மதியம் பன்னிரண்டரைக்கு இருபத்து மூன்று ஆணியும் நிறைந்துவிட்டன. தீயணைப்புப் படகை அடுத்த பேட்டைக்கு அனுப்பிவைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

பிறகுதான் கவனித்தேன். காக்கை இல்லை, நாய் இல்லை, பள்ளிக்கூட மைதானத்து மாடுகள் அசைபோடக்கூட இல்லை. எல்லாம் ஒரே பக்கம், தண்ணீர்ப் பக்கம், தலையைத் திருப்பி நின்றன. மனம் கேட்காமல் எண்ணினேன். இருபத்து இரண்டு. மறுபடி எண்ணினேன். அதே இருபத்து இரண்டு.

பலகையில் எல்லாப் பில்லையும் உலர்ந்திருந்தன. பதினேழு மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அது ஜானகியம்மாவின் மாடு, நிறைசினை. ஒற்றை ஆள், ஒற்றை மாடு, ஏரிக்கரையில் கடைசிக் கொட்டகை.

கம்பவுண்டர் வின்சென்டைக் கூப்பிட்டேன். “பதினேழ யாரு மாட்டினது?”

“ஜானகியம்மாதான் மேடம். இப்பதான், பன்னெண்டு மணி இருக்கும். தலையெல்லாம் ஈரம். மாடு எங்கம்மான்னு கேட்டேன். டாக்டரம்மா வருவாங்கன்னு சொல்லிட்டு அப்டியே தண்ணிக்குள்ள எறங்கிப் போய்ட்டாங்க.”

“போக வுட்டுட்டியா?”

“பில்லை மாட்டினா மாடு சேஃப்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க.”

அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் அவள் மாட்டைக் காப்பாற்றியாயிற்று என்று கணக்கை முடித்துவிட்டேன்.

லாரி டியூப் இரண்டைக் கட்டி அதில் மிதந்து போனோம். பட்டப்பகலிலும் கொட்டகைக்குள் இருட்டு. மேடையில் மாடு நின்றது, தண்ணீர் அதன் முழங்கால் வரை. கன்றின் ஒரு கால் வெளியே தெரிந்தது. இன்னொன்று உள்ளே மடங்கிச் சிக்கியிருந்தது. மாட்டின் தலைப்பக்கம் பாதி இடிந்த சுவர். மூக்கணாங்கயிறு சுவருக்குப் பின்னால் போய் விறைப்பாக நின்றது. அவள் அங்கே குந்தித் தலையைப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“வந்துட்டேன் ஜானகியம்மா. கெட்டியா புடிச்சுக்கோங்க, வுட்றாதீங்க.”

கயிறு இன்னும் ஒரு சுற்று இறுகியது. வின்சென்டும் பார்த்தான்.

கன்றை உள்ளே தள்ளி, மடங்கிய காலை நிமிர்த்தி, குளம்பில் கயிறு போட்டு இருவரும் இழுத்தோம். அரைமணி நேரம். அவ்வளவு வலியிலும் மாடு தலையை ஆட்டவில்லை. யாரோ நெற்றியைத் தடவிக்கொண்டிருப்பதுபோல் கண்ணை மூடி நின்றது. கன்று வழுக்கி என் மடியில் விழுந்து தும்மியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

“கிடாரி, ஜானகியம்மா” என்றேன்.

கயிறு தொய்ந்தது.

வின்சென்ட் சுவரைச் சுற்றிப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். சுவர் அவள்மேல் விழுந்திருந்தது. வெளியே தெரிந்தது ஒரு கை மட்டும், கயிற்றைப் பற்றியபடி. விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. நான் மாட்டு டாக்டர்தான். ஆனாலும் ஓர் உடம்பு இப்படி விறைக்க எத்தனை மணி நேரமாகும் என்று எனக்குத் தெரியும். விடியற்காலையிலேயே முடிந்துவிட்டது.

“மேடம், நான் பாத்தேன். பேசினேன்” என்றான் வின்சென்ட். நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

என் பலகையில் மாட்டுக்கெல்லாம் ஆணி இருந்தது. மாட்டை விட்டு வரமாட்டேன் என்று நிற்கும் மனுஷிக்கு இல்லை. இப்போது இருக்கிறது, மாட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. ஆஸ்பத்திரி வாசல் ஆணியைப் பிடுங்கிவிட்டேன். கூப்பிட வேண்டுமானால் போன் செய்யட்டும்.

புதுப் பலகையில் எண்களை எழுதிப் பில்லைகளை மாட்டும்போது பதினேழாம் ஆணியை மட்டும் காலியாக விட்டேன். வின்சென்ட் பில்லையை நீட்டியபடி நின்றான்.

“மாடுதான் மேல வந்துடுச்சே மேடம்.”

“மாடு வந்துடுச்சு” என்றேன்.