நாற்பத்து மூன்றாம் பக்கத்து எச்சரிக்கை

கையேட்டை எவனும் படிப்பதில்லை என்று தம்பி சொல்லும்போதெல்லாம் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். புத்தகங்களைப் பக்கம் பக்கமாகக் கோத்து அச்சுக்குத் தயார் செய்கிற மென்பொருள் ஒன்றின் கையேடு அது. அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே கை வைத்துத் திருத்தவும் செய்யலாம். நிரல் எழுதுவது தம்பி. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆறு வருடமாக எழுதிக்கொண்டிருப்பது அக்கா. மேடையேறிப் பேச அழைப்பு வந்தால் அவன் போவான்; ஒன்றும் விளங்கவில்லை என்று திட்டிக் கடிதம் வந்தால் அது இவளுக்கு. கையேட்டையும் அதே மென்பொருளில்தான் கோக்கிறார்கள் என்பதில் மட்டும் தம்பிக்கு ஏகப் பெருமை.

போன மாதம் ஒரு கோளாறைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அட்டவணைக்குள் அடிக்குறிப்பு போட்டு, அந்த அட்டவணை அடுத்த பக்கத்துக்கும் நீண்டுவிட்டால், குறிப்பு சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். கணினி மூச்சுக்கூட விடாது. உடனே கையேட்டின் முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை எழுதினாள். தம்பி குதித்தான். சரிசெய்ய இரண்டு மாதமாகும், புதுப் பதிப்பு நாளைக்கே வெளிவருகிறது, வாசலிலேயே பயமுறுத்தினால் எவன் உள்ளே வருவான் என்றான். கடைசியில், உள்ளே எங்காவது அடிக்குறிப்பாகத் தானே போட்டுவிடுவதாகச் சொன்னான். வாதாடிச் சலித்துப்போய் அவளும் தலையாட்டித் தொலைத்தாள்.

பதிப்பு வெளிவந்த பத்தாம் நாள் காலை, குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் மருந்தாளர் அவளுக்கு நன்றி சொல்லி எழுதியிருந்தார். எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து எவ்வளவு என்று சொல்லும் புத்தகம் ஒன்றைத் தயாரித்திருக்கிறார். முழுக்க அட்டவணை. ஒரு வயதுக்குக் கீழே என்றால் பாதி அளவு என்பது போன்றவை எல்லாம் அடிக்குறிப்பில். மூன்று பேர் பிழை பார்த்து முடித்த பிறகு, செவிலியர்கள் கேட்டார்களே என்று எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறார்; அதில் சில அட்டவணைகள் அடுத்த பக்கத்துக்கு நீண்டிருக்கின்றன. அதனால் ஏதும் கெட்டுவிடுமோ என்று கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தாராம். அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தைரியமாக நேற்று அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாராம்.

அக்கா உடனே கையேட்டை வரிவரியாகத் தேடினாள். எச்சரிக்கை எங்குமே இல்லை. தூக்கி எறிந்துவிட்டான் படுபாவி என்று அவன் அறைக்குள் போனவள், கதவைக்கூடத் தட்டவில்லை.

"எங்கடா நான் எழுதின எச்சரிக்கை?"

"நாப்பத்து மூணாம் பக்கத்துல போட்டேனே. நீதான் அப்புறம் எதையாவது கலைச்சிருப்பே."

மூலக் கோப்பைத் திறந்து காட்டினான். அவள் எழுதிய சொற்கள் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன, கட்டளைகளின் பட்டியலில் ஒரு வரிக்கு அடிக்குறிப்பாக. அந்தப் பட்டியல் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் தொடங்கி நாற்பத்து நான்கில் முடிகிறது.

"அட்டவணைக்குள்ளயா போட்டே?"

அவன் அச்சுக்குப் போன கோப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்தான்; அடிக்குறிப்பு இருக்க வேண்டிய இடம் காலி. வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். இப்போது அவளுக்கு அவனை அறையலாம் போலிருந்தது. அச்சான பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்காத தன்னையும் சேர்த்துத்தான். தொலைபேசியை அவன் முன்னால் வைத்தாள்.

"நீ பேசுக்கா. அவரு உனக்குத்தானே எழுதியிருக்காரு."

"ஆறு வருஷமா நான்தான் பேசறேன். இன்னைக்கு நீ பேசு."

பேசினான். அச்சு தொடங்கியிருந்தது, புத்தகம் இன்னும் தைத்துக் கட்டப்படவில்லை. உடனே நிறுத்தச் சொல்வதாக மருந்தாளர் சொன்னார். பிறகு அவர் குரல் ஏறியது. நின்ற இடத்திலிருந்தே அக்காவுக்குக் கேட்டது.

"அதைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே சார். கையேடு எழுதறவங்க இதக்கூடப் பாக்க மாட்டாங்களா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் உதவிக்குப் போகவில்லை.

"எழுதினவங்க முதல் பக்கத்துலயே எழுதியிருந்தாங்க சார். நான்தான் அதை உள்ள தள்ளினேன்."

அக்கா தன் மேசைக்குத் திரும்பி, பழைய எச்சரிக்கையை முதல் பக்கத்தில் மறுபடி வைத்தாள். கோபம் இன்னும் இறங்கவில்லை. கட்டத்தின் கோட்டை இரண்டு மடங்கு தடிமனாக்கி, அச்சடித்து, பக்கத்தைக் கையில் எடுத்து ஒருமுறை முழுக்கப் படித்த பிறகுதான் உட்கார்ந்தாள்.