கால் சுற்று

மொஹ்சினின் வலது கையில் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஐப்பசி மழையில், கீழ்க்கட்டளை சிக்னல் தாண்டி, தண்ணீருக்குள் ஒளிந்திருந்த பள்ளத்தில் ஸ்கூட்டர் இறங்க, கையை ஊன்றி விழுந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, நரம்பு என்றார் டாக்டர். வரலாம், வராமலும் போகலாம் என்றார். மொஹ்சின் தலையாட்டிவிட்டு வந்தார். வருத்தப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்துதான் இருந்தது. வருத்தம் வரவில்லை. செம்பாக்கத்து வீட்டில் மனைவி சித்திகா கறிக்குழம்பு வைத்தாலும் ரசம் வைத்தாலும் ஒரே மாதிரி சாப்பிட்டு எழுந்தார். "எப்படிங்க இருக்கு?" என்றால் "ம்" என்பார். உப்பு போட மறந்த அன்றும் "ம்"தான்.

வாரம் முழுக்கத் தையல் மெஷின் சர்வீஸ். வியாழன் மாலை மட்டும் கோவிலம்பாக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு துப்பாக்கி சுடும் கிளப். அங்கே பதினொரு ஸ்பிரிங் ஏர் ரைஃபிள்கள். பதினெட்டு வருடமாக அவற்றைக் கழற்றி மாட்டுவது அவர்தான்.

ஸ்பிரிங் ரைஃபிளைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பேரலைக் கீழே மடக்கினால் உள்ளே ஒரு கனமான ஸ்பிரிங் அமுங்கி நிற்கிறது. டிரிகரை இழுத்ததும் அது ஒரு பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது, பிஸ்டன் காற்றை நெருக்குகிறது, காற்று குண்டைத் தள்ளுகிறது. குண்டு பேரலைவிட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி முழுவதும் ஒருமுறை பின்னால் உதறி, ஒருமுறை முன்னால் உதறிவிடும். இத்தனை உதறலிலும் இரும்பையும் மரக்கட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பது மூன்றே ஸ்க்ரூ. முன்பக்கம் இடதும் வலதும் ஒவ்வொன்று, டிரிகருக்குப் பின்னால் ஒன்று. அவை தளர்ந்தால் குண்டுகள் ஓரிடத்தில் படாமல் சிதறும். அதனால் எல்லோரும் இறுக்குவார்கள். அதிகம் இறுக்கினாலும் குண்டு சிதறும் என்பதுதான் யாருக்கும் சட்டென்று தோன்றாது. மரம் நசுங்கிவிடும், நசுங்கிய மரம் பிடி கொடுக்காது.

எவ்வளவு இறுக்குவது? அவர் வழக்கம் எளிமையானது. ஸ்க்ரூ டிரைவரை உள்ளங்கையில் பிடிக்கக் கூடாது, மூன்று விரல் நுனியில் பிடிக்க வேண்டும். சுற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் ஸ்க்ரூவின் தலை வாஷரில் உட்காரும். அங்கிருந்து கால் சுற்று. கையை எடுத்துவிட வேண்டும்.

அந்த உட்காரும் இடம் விரல் நுனிக்குத்தான் தெரியும். ஐந்து மாதமாக அது அவருக்குத் தெரியவில்லை. உணர்வில்லாத கைக்கு எல்லாமே லூஸாகத்தான் தோன்றும். பத்திரத்துக்கு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருப்பிக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று அவர் உள்ளே நுழைந்ததும் கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் குப்புராஜ் விளக்குமாற்றோடு எதிரே வந்தான்.

"இன்னா பாய், டீச்சரம்மா ஒரே பேஜாரா கீது. அட்டைல பாரு, அம்மை போட்ட மாதிரி கீது."

நாகலக்ஷ்மி பிளஸ் டூ கணக்கு டீச்சர். நாற்பத்து நான்கு வயது. ஏழாம் நம்பர் ரைஃபிள் அவளுடையது என்றே கிளப்பில் ஆகிவிட்டது. போன ஆடி மாதம் அவள் சுட்ட ஐந்து குண்டின் துளைகளையும் ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடலாம். இப்போது பெஞ்சில் அவள் எடுத்து வைத்த குறி அட்டையில் துளைகளை மூட உள்ளங்கை வேண்டும்.

"பாய், ஞாயிற்றுக்கிழமை மேட்ச் லிஸ்ட்லேர்ந்து என் பேரை எடுத்துடச் சொல்லப் போறேன். ஆறு மணிக்கு அனுப்பணுமாம்."

"ஏன் மேடம்?"

"கை நடுங்குது. போர்டுல கோடு போட்டாக்கூட இப்பல்லாம் அதையேதான் பாக்கறேன். மேட்ச் மட்டும் இல்ல, இதோட போதும்னு தோணுது. ரைஃபிளை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக இருபது நிமிடம். அவள் கை நடுங்கவில்லை என்பது மொஹ்சினுக்குத் தெரியும். போன வாரமே பார்த்துவிட்டார். முன்பக்க ஸ்க்ரூவின் கிண்ண வாஷர், சேற்றில் கால் வைத்தாற்போல மரத்துக்குள் இறங்கியிருந்தது. பார்த்துவிட்டு, எண்ணெய்த் துணியால் துடைத்து, அலமாரியில் வைத்துப் பூட்டினார். சொன்னால் கிளப்பில் அலமாரிச் சாவியைத் திருப்பிக் கேட்பார்கள். சொல்லாவிட்டால் இந்த அம்மாள் போய்விடுவாள். இரண்டையும் நினைத்துப் பார்த்தார். பயமாவது வந்திருக்கலாம். வரவில்லை.

நாகலக்ஷ்மி பிளாஸ்கைத் திறந்து எவர்சில்வர் டம்ளரில் டீ ஊற்றி, துப்பட்டாவின் நுனியால் விளிம்பைப் பிடித்து அவர் பக்கம் வைத்தாள். அவர் வலது கையால் டம்ளரை முழுதாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய்!"

"ம்?"

"சுடல?"

மொஹ்சின் குனிந்து பார்த்தார். விரல்கள் சிவந்திருந்தன. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தெரியல மேடம்," என்றார். பிறகு, அதே குரலில், "உங்க கைக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் இந்த மூணு விரலும் செத்துப்போச்சு. மழைல விழுந்ததுலேர்ந்து. ஸ்க்ரூ உக்கார்றது தெரியாம அளவுக்கு மேல முறுக்கிட்டேன்."

அவள் ஐப்பசியிலிருந்து விரல் விட்டு எண்ணினாள்.

"அஞ்சு மாசமாவா? பாய், நான் கண் டாக்டர்கிட்ட போனேன். தைராய்டு டெஸ்ட் எடுத்தேன். வீட்டுக்காரர் காபி குடிக்கறதை நிறுத்துன்னார், நிறுத்தினேன். காபியை!"

"மன்னிச்சிருங்க."

"உங்க மூஞ்சியப் பாத்தா மன்னிப்புக் கேக்கற மாதிரியே இல்ல. பஸ் நம்பர் சொல்ற மாதிரி சொல்றீங்க. சரி, கழட்டுங்க."

கழற்றினார். முன்பக்க வாஷர் இரண்டும் ஆளுக்கொரு குழி தோண்டியிருந்தன. நாகலக்ஷ்மி அந்தக் குழிகளையே பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து கணக்கு டப்பாவை எடுத்துத் திறந்தாள். காம்பஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர்.

"நீங்க மட்டும் இல்ல பாய். குண்டு விலகும்போதெல்லாம் லூஸ்னு நெனச்சு நானும் ஒரு முறுக்கு. ஒவ்வொரு சனிக்கிழமையும்."

விளக்குமாறு நின்றது.

"நானும்தான்," என்றான் குப்புராஜ். "தொடைக்கறப்பல்லாம் ஒரு திருகு திருகிட்டு வைப்பேன். லூஸா இருந்தா டீச்சரம்மா கத்துமேன்னு."

மூன்று பேரும் துப்பாக்கியைப் பார்த்தார்கள். யார் முறுக்கியதில் மரம் நசுங்கியது என்று இனிமேல் சொல்லவே முடியாது. மொஹ்சினுக்கு அது ஆறுதலாகவும் இல்லை.

கட்டையை நீக்கியபிறகு பேரல் மடங்குகிற கீல் போல்ட் தெரிந்தது. அதையும் அவர் இறுக்கித் தள்ளியிருந்தார். அது இறுகினால் பேரல் மூடும்போது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் போய் உட்காராது. இதற்குக் கண்ணாலேயே பார்க்கிற ஒரு சோதனை உண்டு. புதிதாகப் பழகுகிறவர்கள் செய்வது. விரல் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவர் அதைத் தொட்டதே இல்லை.

துப்பாக்கியை மணல் மூட்டைப் பக்கம் திருப்பி, பேரலை முழுக்க மடக்கி, ஸ்பிரிங் உள்ளே மாட்டிக்கொண்ட சத்தம் கேட்டதும் நாகலக்ஷ்மியிடம் சொன்னார். "டிரிகர் பக்கம் விரல் போகக் கூடாது. இப்ப பேரலைப் பாதி தூக்கி, பிடியை லேசாக்குங்க, கை கூடவே இருக்கட்டும். தானா தொங்கினா லூஸ். தள்ளினாத்தான் நகருதுன்னா டைட். வெச்ச இடத்துல நிக்கணும், ஒரு தட்டு தட்டினா இறங்கணும்."

தட்டினாள். ஒட்டவைத்தது போல நின்றது. போல்ட்டைத் துளித்துளியாகத் தளர்த்திக்கொண்டே வந்தார்கள். நான்காவது முறை தட்டியபோது பேரல் சோம்பலாகத் தலை குனிந்தது.

"அவ்வளவுதான். பக்கத்துச் சின்ன ஸ்க்ரூவைப் போட்டுப் பூட்டிடுங்க, போல்ட் திரும்பாது."

ஸ்பிரிங்கை மெல்ல இறக்கிவிட்டுக் கட்டையை மாட்டினார்கள். பழைய குழிக்கு வெளியே நல்ல மரத்தில் உட்காரும்படி அகலமான வாஷர் போட்டார். ஸ்க்ரூ டிரைவரை அவளிடமே நீட்டினார்.

"இடது கொஞ்சம், வலது கொஞ்சம். மாத்தி மாத்தி."

"நின்னுடுச்சு பாய். உக்காந்துடுச்சு போல."

"போலவா, உக்காந்துதா?"

அவள் கண்ணை மூடினாள். "உக்காந்துடுச்சு."

"கால் சுற்று. கையை எடுங்க."

எடுத்தாள். அவள் கைப்பையிலிருந்த வைட்னர் பேனாவை வாங்கி, ஸ்க்ரூ தலையிலிருந்து மரம் வரை ஒரே வெள்ளைக் கோடாக இழுத்தார் மொஹ்சின். ஸ்க்ரூ நகர்ந்தால் கோடு உடையும். அதைப் பார்க்கக் கண் போதும்.

ஐந்து குண்டு சுட்டாள். நான்கு ஒன்றாகப் போயின. ஒன்று தனியாக, மேலே இடது ஓரத்தில்.

"அது நான்தான்," என்றாள் உடனே. "டிரிகரை வெடுக்குனு இழுத்துட்டேன். குப்புராஜ், லிஸ்ட்ல என் பேர் இருக்கட்டும். அப்புறம், கோட்டைத் தாண்டி எவனாவது திருகினான்..."

"நான் துணிதான் எடுத்துக்கினு வருவேன். சத்தியமா."

மொஹ்சின் அலமாரிச் சாவியை மேஜைமேல் வைத்தார். அவள் அதைப் பார்த்துவிட்டு அவர் பக்கமே தள்ளினாள்.

"மிச்சம் பத்து ரைஃபிள் இருக்கு. அடுத்த வியாழன் ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு வர நாலரை ஆகும். நான் வர்றதுக்குள்ள ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீங்க."

"சரி மேடம்."

டம்ளர் பெஞ்சின் ஓரத்தில் அப்படியே இருந்தது. இந்தமுறை இடது கையால் எடுத்தார். ஆறிப்போயிருந்தது.

"சுட வெச்சுத் தரவா பாய்?"

"வேணாம், இருக்கட்டும்."

குடித்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.