பாட்டுக்குள் அரை நொடி

மாப்பிள்ளையின் லேப்டாப்பைத் திறந்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. திரை முழுக்க ஈ மொய்த்த மாதிரி ஐகான்கள். வாடகை ரசீது, யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் படம், பாதியில் விட்ட சீட்டாட்டம், ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டு ஓடும் இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள். இதை நம்பி ஒரு மனிதர் மேடையேறப் போகிறாராம்.

"கச்சேரிக்குத் தோதா கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க மச்சான். உங்க கை பட்டாத்தான் இது உருப்படும்" என்று சொல்லிப் பையை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். அவர் கீபோர்டு, தங்கை பாட்டு, நான் டிரம்ஸ். பதினான்கு வருஷமாக இந்த மூன்று பேர்தான் குழு. இப்போது ஒரு ஹோட்டலில் வெள்ளி, சனி சாயங்காலங்களில் சாப்பாட்டுக் கூடத்தில் பாட ஒரு வருஷ ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. ஆனால் மேடை என்று அவர்கள் காட்டிய மூலையில் இரண்டு பேர் நின்றாலே முழங்கை இடிக்கும். டிரம்ஸ் சத்தம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆகாதாம். ரெண்டு பேர் போதும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

ஆகவே டிரம்ஸ் லேப்டாப்புக்குள் போனது. அதற்காக வாசித்துப் பதிவு செய்து கொடுத்தவன் நான். அந்த லேப்டாப்பைத் தயார் செய்கிறவனும் நானே, ஏனென்றால் பகலில் நான் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் அளவெடுத்துச் செய்தேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை முடிந்து அறைக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. வாரத்துக்கு இரண்டு ஒத்திகை, ஒரு மேடை, வேனில் போகும்போது எந்தப் பாட்டை முதலில் பாடுவது என்று ஒரு சண்டை. என் குடும்ப வாழ்க்கை அவ்வளவுதான். தங்கைக்கு இடது பக்கம் இரண்டடி தள்ளி எனக்கு ஓர் இடம் இருந்தது. உலகத்தில் எனக்கென்று இருந்த இடமும் அது ஒன்றுதான்.

மூன்று சாயங்காலம் உட்கார்ந்து வேலை பார்த்தேன். வேண்டாததையெல்லாம் தூக்கிக் கடாசினேன். வைஃபை, புளூடூத், திரையை அணைக்கும் வசதி, மின்சாரத்தைச் சேமிக்கிறேன் என்று பாதியில் தூங்கிப்போகும் வசதி எல்லாவற்றையும் நிறுத்தினேன். மாப்பிள்ளையின் கீபோர்டும் இந்த லேப்டாப் வழியாகத்தான் ஒலிக்கும். அவர் கட்டையைத் தொடுவதற்கும் சத்தம் வெளியே வருவதற்கும் நடுவில் ஒரு தாமதம் உண்டு. சின்ன வாளியில் அடிக்கடி தண்ணீர் மொண்டு ஊற்றுவதா, பெரிய வாளியில் நிதானமாக ஊற்றுவதா என்பது போன்ற கணக்கு அது. சின்ன வாளி என்றால் சத்தம் உடனே வரும், ஆனால் லேப்டாப்புக்கு மூச்சு முட்டிக் கரகரக்கும். பெரிய வாளி என்றால் கரகரப்பு இருக்காது, கை ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமும் போகும். மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைப் பிடித்தேன். மூன்று மணி நேரம் எல்லாப் பாட்டையும் விடாமல் ஓடவிட்டேன். ஒரு சொடுக்குச் சத்தம்கூட வரவில்லை.

அப்போதுதான் ஏற்கெனவே இறங்கிக் காத்திருந்த ஒரு அப்டேட் கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஏழரைக்குத் தானாகவே நிறுவிக்கொண்டு, லேப்டாப்பை அணைத்துத் திறக்கும் என்று இருந்தது. கச்சேரி ஏழு மணிக்கு. நான் அதைப் பார்க்காதவன் மாதிரி விட்டுவிட்டால் போதும். நாலாவது பாட்டில் லேப்டாப் கண்ணை மூடும், மேலாளர் கையைப் பிசைவார், மறுநாளே மாப்பிள்ளை என் வாசலில் வந்து நிற்பார். டீ போட்டுக் குடித்து முடிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். நல்லவன் என்பதால் இல்லை. பாட்டு நடுவில் நிற்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது.

புதன்கிழமை அவர்கள் இருவரும் லேப்டாப்போடு ஒத்திகை பார்த்தார்கள். தங்கை அதை போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பினாள். கேட்டேன். நாங்களே மெட்டுப் போட்ட மெதுவான பாட்டு ஒன்று உண்டு. அதில் சரணத்தின் மூன்றாவது வரிக்கு முன்னால் அவளுக்கு ஒரு மூச்சு அதிகம் வேண்டும். சின்ன வயதில் வந்த மூச்சிரைப்பின் மிச்சம். அவள் தோள் லேசாக உயர்வதைப் பார்ப்பேன், டிரம்ஸ் குச்சியை அரை நொடி அந்தரத்தில் நிறுத்துவேன், அவள் எடுத்ததும் அடிப்பேன். பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. போன் பதிவில் அந்த இடத்தில் டிரம்ஸ் தன் பாட்டுக்குப் போய்விட்டது, அவள் மூச்சு பிடிக்காமல் ஓடிப்போய் வரியின் கடைசிச் சொல்லை விழுங்கினாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க லேப்டாப் என்னிடம் வந்தது. அந்த இடத்தில் டிரம்ஸுக்கு அரை நொடி இடைவெளி சேர்த்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மேடையில் மட்டும் சொல்லிவிட்டா காத்திருந்தேன்?

லேப்டாப்பை வாங்க வந்த மாப்பிள்ளை, "நீங்களும் வாங்களேன் மச்சான், ஒரு ஓரமா உக்காந்து கேளுங்க" என்றார்.

"தலைவலி. நீங்க போங்க மாப்ள."

போனேன். பின்வரிசையில் ஒரு தூணுக்குப் பக்கத்து மேஜையில், ஒரு பழச்சாறு வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டிலேயே ஸ்பீக்கரிலிருந்து நான் வாசிப்பது கேட்டது. பக்கத்து மேஜைக்காரர் அந்தத் தாளத்துக்கு ஸ்பூனை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டார். கரகரப்பு இல்லை, தாமதம் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, எழுந்து போய் அந்த ஸ்பீக்கரை உதைக்க வேண்டும் போலவும் இருந்தது.

மூன்றாவதாக அந்த மெதுவான பாட்டு. சரணம் வந்தது. நான் என்னை அறியாமல் அவள் தோளைப் பார்த்தேன். தோள் உயரவில்லை. அவள் மூச்சே எடுக்காமல் நேராக மூன்றாவது வரிக்குள் இறங்கினாள். அதே நேரத்தில் என் டிரம்ஸ் நின்றது. கூடத்தில் அவள் குரல் மட்டும் தனியாகத் தொங்கியது. மாப்பிள்ளை பேயைக் கண்டவர் மாதிரி லேப்டாப் திரையைப் பார்த்தார்.

தங்கை சட்டென்று இடது பக்கம் திரும்பினாள். அங்கே ஒரு கறுப்பு ஸ்பீக்கர் நின்றுகொண்டிருந்தது. ஒரு கணம் அதையே பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பி, முதல் சொல்லை இழுத்துப் பிடித்து, டிரம்ஸ் வந்து சேரும்வரை நிறுத்திவைத்தாள். கேட்டவர்கள் அதை ஏதோ நுணுக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். பாட்டு முடியும்வரை நான் இருக்கவில்லை.

மறுநாள் காலை போன் செய்தாள்.

"நேத்து ரொம்ப நல்லாப் போச்சுண்ணா. மேனேஜரே வந்து கை குடுத்தாரு. நீ இல்லைங்கிறதே தெரியல."

"நல்லது."

"ஒரே ஒரு எடந்தான். அந்த மெதுவான பாட்டுல லேப்டாப் ஒரு செகண்ட் நின்னுடுச்சு. எனக்கு உயிரே போயிடுச்சு. அதை மட்டும் பாத்துடேன்."

"அந்த எடத்துல உனக்கு மூச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"இல்லண்ணா, அந்த மூச்சு இப்ப வேண்டாம். புதன்கிழமையிலேருந்து குளிக்கும்போதுகூட அதையே பாடிப் பாடிப் பழகிட்டேன். லேப்டாப் உன்ன மாதிரி எனக்காக நிக்குமா?"

அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அங்கே நிற்க வைத்தது நான்தான் என்று சொல்லிவிடலாம் என வாய்வரை வந்தது. சொன்னால் அழுவாள், அதற்கப்புறம் ஒவ்வொரு கச்சேரியிலும் இடது பக்கம் திரும்புவாள்.

"நிக்காது. மத்தியானம் மாப்ளகிட்ட குடுத்தனுப்பு, சரி பண்ணிடறேன்" என்றேன்.

மதியம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அரை நொடியைத் தேடி வெட்டினேன். வேலை ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, கூடவே மேஜை மேல் விரலால் தட்டிக்கொண்டு வந்தேன். மூன்றாவது வரிக்கு முன்னால் என் விரல் தானாக நின்றது. பாட்டு என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.